வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி தேர்தலைப் பற்றியவை. பள்ளிக்கூடத்தைப் பற்றி எந்த வேட்பாளர் என்ன சொல்கிறார், அதை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம். முப்பத்து மூன்று வருடம் குமரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தவள் நான். பேச்சிப்பாறை மலையடிவாரத்தில் தொடங்கி, கடற்கரையில் பல வருடம் இருந்து, தக்கலை பக்கம் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்கள் வகுப்பறைகள் ஓட்டுச் சாவடியாகும். ஓட்டுக் கேட்டு வருபவர்களின் பேச்சில் அந்த வகுப்பறைகள் வருவது அபூர்வம். எந்தக் கட்சியிலும் நான் இல்லை. யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்லவும் மாட்டேன்.

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. மகன் வேனில் போகிற சி.பி.எஸ்.இ. பள்ளியில் நான்காம் வகுப்பு. ஒரு வேட்பாளர் தேசியக் கல்விக் கொள்கை வந்தால்தான் பிள்ளைகள் முன்னேறும் என்கிறார். இன்னொருவர் இருமொழிக் கொள்கையை உயிரைக் கொடுத்தாவது காப்போம் என்கிறார். மூன்றாமவர் கல்விக் கடன் முழுதும் தள்ளுபடி என்கிறார். கேட்கும்போது மூன்றும் சரியாகத்தான் படுகிறது. எப்படி ஒப்பிடுவது டீச்சர்? (வாசகி, கருங்கல்)

தங்கச்சி, அவர்கள் மூன்று பேரும் மூன்று வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை கணக்குப் பரீட்சையும் இன்னொரு பிள்ளை வரலாற்றுப் பரீட்சையும் எழுதினால், யார் நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று எப்படிச் சொல்வது? முதல் வேலை, மூன்று பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பது.

கொள்கை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசியக் கல்விக் கொள்கைக்கு 2020 ஜூலை 29-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பத்தும் இரண்டும் என்று நாம் பழகிய அமைப்பை அது 5+3+3+4 என்று மாற்றச் சொல்கிறது. அந்த வருடங்களின் எண்ணிக்கை மூன்று வயதிலிருந்தே தொடங்கிவிடும். முடிந்தவரை ஐந்தாம் வகுப்பு வரையாவது தாய்மொழியில் பாடம், மொத்தம் மூன்று மொழி, அதில் குறைந்தது இரண்டு இந்திய மொழிகள், 3, 5, 8 வகுப்புகளில் தேர்வு என்று போகிறது. தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிதான். மாநில அரசு தனக்கென்று ஒரு பள்ளிக் கல்விக் கொள்கையை 2025 ஆகஸ்ட் 8-ல் வெளியிட்டது. தமிழும் ஆங்கிலமும் தொடரும், எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை, பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது என்பவை அதில் நம் வீடுகளைத் தொடுகிற விஷயங்கள்.

மொழி விஷயத்தில் தி.மு.க.வுக்கும் அ.தி.மு.க.வுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தேசியக் கொள்கை வந்த சில நாட்களிலேயே, 2020 ஆகஸ்டில், அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி இருமொழியே தொடரும் என்று அறிவித்தார். தி.மு.க.வின் நிலையும் அதுதான். த.வெ.க. தலைவர் விஜய், கல்வியை மாநிலப் பட்டியலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2024-லேயே பேசினார். பா.ஜ.க. தேசியக் கொள்கையையும் மும்மொழியையும் ஆதரிக்கிறது. 2025 மார்ச்சில் அதற்காகக் கையெழுத்து இயக்கமே நடத்தியது. ஆகவே பா.ஜ.க. வேட்பாளரையும் மற்றவர்களையும் ஒப்பிடும்போது மொழி உண்மையான வித்தியாசம்தான். இருமொழியை ஆதரிக்கிற இரண்டு பேருக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் அந்த ஒரு பேச்சு உங்களுக்கு உதவாது. மேலே கேட்க வேண்டும்.

இப்போது உங்கள் பிள்ளைகளுக்கு வருவோம். மகன் படிப்பது சி.பி.எஸ்.இ. அங்கே பாடத்திட்டத்தை முடிவு செய்வது டெல்லியில் இருக்கும் வாரியம். தேசியக் கொள்கை அந்தப் பள்ளிகளுக்குள் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. நம் தொகுதியில் யார் எம்.எல்.ஏ. ஆனாலும் அது மாறப் போவதில்லை. அவனைப் பொறுத்தவரை வேட்பாளரிடம் கேட்க வேண்டியது கட்டணத்தையும் வேனின் பாதுகாப்பையும். மகள் விஷயம் அப்படி இல்லை. அவள் பள்ளியில் கணக்கு ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, பிளஸ் ஒன்னில் அவள் விரும்பும் பிரிவு அங்கே இருக்கிறதா, ஆய்வகத்தில் சாமான்கள் இருக்கின்றனவா, மாலை சிறப்பு வகுப்பு முடிந்து வீடு வர பஸ் உண்டா என்பவை எல்லாம் மாநில அரசோடும் எம்.எல்.ஏ.வோடும் நேராகச் சம்பந்தப்பட்டவை.

பணத்தையும் கேளுங்கள். தேர்ந்தெடுத்த பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக்க பி.எம். ஸ்ரீ என்று ஒரு மத்தியத் திட்டம் 2022-ல் வந்தது. அதில் சேரக் கையெழுத்துப் போட்டால் தேசியக் கொள்கையை ஏற்றதாகிவிடும் என்று தமிழ்நாடு போடவில்லை. அதைக் காரணம் காட்டி, அனைவருக்கும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் 2024-25-க்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தியது. சேருவதாக முதலில் சொன்னது மாநிலம்தானே என்பது மத்திய அரசு தரப்பின் வாதம். வேறொரு திட்டத்துக்குரிய பணத்தைப் பிடித்து வைப்பது மிரட்டல் என்பது மாநிலத்தின் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பக்கத்துக் கேரளம் 2025 அக்டோபரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் சிறப்பாசிரியர்களின் சம்பளம் உட்பட பலதும் அந்தத் திட்டத்தில்தான் ஓடுகிறது. கையெழுத்துப் போடச் சொல்லும் வேட்பாளரிடம், போட்டால் நம் பள்ளியில் என்னென்ன மாறும் என்று கேளுங்கள். போடக் கூடாது என்பவரிடம், அந்தப் பணம் வராத வருடத்தில் அந்தச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். பதில் வைத்திருப்பவர் விஷயத்தைப் படித்திருக்கிறார் என்று அர்த்தம்.

யார் கையில் என்ன இருக்கிறது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி. எம்.பி.க்கு 5 கோடி. ஆசிரியரை நியமிப்பது எம்.எல்.ஏ. இல்லை. ஆனால் சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம், பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை வரும்போது எழுந்து பேசலாம். ஏற்கெனவே பதவியில் இருந்தவர் மறுபடி நின்றால், ஐந்து வருடத்தில் நம் தொகுதிப் பள்ளிகளைப் பற்றி மன்றத்தில் எத்தனை முறை பேசினீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

இந்த இடத்தில் என் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை இருந்தது, தண்ணீர் இல்லை. மோட்டார் கெட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பள்ளியில் கழிப்பறைக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் காலையில் தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். பதினொரு மணி வெயிலில் இரண்டு மூன்று பேர் தலைசுற்றுகிறது என்று பெஞ்சில் சாய்ந்துவிடுவார்கள். தேர்தல் நேரத்தில் இரண்டு வேட்பாளர்கள் வந்தார்கள். இருவரும், "பள்ளிக்கு வேண்டியதைச் செய்து தருகிறோம் டீச்சர்" என்றார்கள். ஜெயித்தவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். தொகுதி நிதியில் கலையரங்கம் கட்டித் தந்தார். திறப்பு விழா அன்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மேடைக்குப் பின்னால் வந்து என் கையைப் பிடித்து, "டீச்சர், இதுல தண்ணி உண்டா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்றும் என்னை விடவில்லை. "வேண்டியதை" என்ற சொல்லை வாங்கிக்கொண்டு நான் பேசாமல் இருந்திருக்கக் கூடாது. பெண்பிள்ளைகள் கழிப்பறைக்கு மோட்டார், குழாய், மேல்நிலைத் தொட்டி, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்குள் என்று ஒரு தாளில் எழுதி இருவர் கையிலும் கொடுத்திருக்க வேண்டும்.

கல்விக் கடன் தள்ளுபடிக்கும் இதே வழிதான். நர்ஸிங் படிப்பதற்கும் இன்ஜினீயரிங் படிப்பதற்கும் கடன் வாங்கிய வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். கடன் கொடுத்தது வங்கி. மாநில அரசு ஓர் உத்தரவு போட்டு வங்கிக் கணக்கை அழித்துவிட முடியாது. அரசு தன் கஜானாவிலிருந்து வங்கிக்குக் கட்ட வேண்டும். எந்தத் தேதி வரை வாங்கிய கடன், எவ்வளவு தொகை வரை, எந்த வருட பட்ஜெட்டில் என்று அந்த வேட்பாளரைக் கேளுங்கள். இலவச வாக்குறுதிகள் பற்றிய வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, தேர்தல் ஆணையம் நடத்தை விதிகளில் தேர்தல் அறிக்கைக்கென்று ஒரு பகுதியே சேர்த்தது. வாக்குறுதிக்கான நியாயத்தையும், அதற்குப் பணம் வரும் வழியையும் பொதுவாகவாவது அறிக்கை சொல்ல வேண்டும் என்கிறது அது. ஆகவே "பணம் எங்கிருந்து?" என்று கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: முதல் முறை ஓட்டுப் போடப் போகிறேன். பிளஸ் டூ உயிரியல் படித்தேன். நீட்டை ஒழிப்போம் என்று சொல்பவருக்குத்தான் ஓட்டு என்று முடிவு செய்திருக்கிறேன். சரிதானா? (வாசகர், தூத்தூர்)

மக்களே, உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சொல்லை எம்.எல்.ஏ. வேட்பாளர் சொல்கிறாரா, எம்.பி. வேட்பாளர் சொல்கிறாரா என்று முதலில் பார்.

கல்வி முன்பு மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் வந்த 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதை, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. பொதுப் பட்டியலில் உள்ள விஷயத்தில் மத்தியச் சட்டத்துக்கு மாறாக மாநிலம் சட்டம் போட்டால், குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தால்தான் அது செல்லும். அ.தி.மு.க. ஆட்சியில் 2017-ல் நீட்டிலிருந்து விலக்குக் கேட்கும் மசோதா நிறைவேறியது, ஒப்புதல் வரவில்லை. தி.மு.க. ஆட்சியில் 2021 செப்டம்பர் 13-ல் மறுபடி நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பியதும், 2022 பிப்ரவரி 8-ல் இன்னொரு முறை நிறைவேற்றி அனுப்பினார்கள். அதற்கும் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். சட்டமன்றம் தன்னால் முடிந்ததை இரண்டு ஆட்சியிலும் செய்து பார்த்துவிட்டது. இனி எம்.எல்.ஏ. வேட்பாளர் "ஒழிப்போம்" என்றால், இதுவரை செய்யாத எந்த வழி உங்களிடம் இருக்கிறது என்று கேள். பா.ஜ.க. வேட்பாளர் நீட் வேண்டும் என்பார். கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு உங்கள் ஏற்பாடு என்ன என்று அவரைக் கேள்.

எம்.எல்.ஏ.வால் முடிகிற ஒன்று இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு அது நீட்டை விடப் பெரிய கேள்வி என்று நினைக்கிறேன். 2020-ல் அன்றைய அரசு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அது. மறு வருடம் வந்த அரசு அதையே இன்ஜினீயரிங் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரித்தது. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பெண்ணுக்கு இந்த வழியில் மருத்துவ இடம் கிடைத்தது. அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர். விடிவதற்கு முன்பே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிற மனிதர். அவள் ஸ்டெதஸ்கோப்போடு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி வாசலில் எடுத்த போட்டோ என் மேசையில் இருக்கிறது.

ஆனால் அவளோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்துவிட்டு, வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அரசு உதவி பெறும் பள்ளிக்குப் போன இன்னொரு பெண்ணுக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. அவள் அம்மா அண்டியாபீஸில் முந்திரி உடைப்பவர். வறுமையில் இரண்டு வீட்டுக்கும் இம்மி வித்தியாசம் இல்லை. மற்ற மாவட்டங்களில் இது சின்ன விஷயமாக இருக்கலாம். நம் மாவட்டத்தில் சபைகளும் அறக்கட்டளைகளும் நூற்றாண்டுக் காலமாக நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில்தான் ஏழைப் பிள்ளைகள் பெருவாரியாகப் படிக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் பல பிள்ளைகளுக்கு நடந்து போகிற தூரத்தில் இருப்பது அந்தப் பள்ளி மட்டும்தான். கல்லூரி படிக்கும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் கொடுக்கும் மாதம் 1,000 ரூபாய் முதலில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் என்றுதான் இருந்தது. பிறகு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் கொடுத்தார்கள். காலை உணவும் 2024 ஜூலையில் ஊரகத்து உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. 7.5 மட்டும் இன்னும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது.

இதில் எதிர்வாதமும் உண்டு. உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளையும் ஒதுக்கீட்டில் சேர்த்தால் அரசுப் பள்ளிப் பிள்ளையின் பங்கு குறையும். அப்படியானால் சதவீதத்தைக் கூட்டுவீர்களா, தனியாக ஒரு பங்கு வைப்பீர்களா, இல்லை இருப்பதே போதும் என்கிறீர்களா? நம் மாவட்டத்து ஆறு தொகுதியிலும் நிற்கிற எல்லா வேட்பாளரிடமும் இதைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இதற்கு மழுப்பாமல் பதில் சொல்பவர், எந்தப் பக்கம் சொன்னாலும், என் மரியாதைக்குரியவர்.

கேள்வி: வீட்டில் மலையாளம் பேசுகிறோம். பிள்ளை மலையாள வழியில் படிக்கிறான். மும்மொழி, இருமொழி என்று எல்லாரும் இந்தியைப் பற்றியே சண்டை போடுகிறார்கள். எங்கள் விஷயம் யார் பேச்சிலும் இல்லையே? (வாசகர், களியக்காவிளை)

சேட்டா, உங்கள் வருத்தம் நியாயமானது. 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மலையாளம் பேசுகிற வீடுகளும் வந்தன. களியக்காவிளைச் சந்தையில் விலை கேட்பது ஒரு மொழியில், விலை பேசுவது இன்னொரு மொழியில் என்று நடப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

2006-ல் வந்த தமிழ் கற்கும் சட்டம், ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருடம் ஒரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயமாக்கியது. அந்தப் பிள்ளைகள் 2016-ல் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வந்தார்கள். சிறுபான்மை மொழிப் பிள்ளைகள் நீதிமன்றம் போய் விலக்குக் கேட்க வேண்டியதாயிற்று. 2023-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் அந்த வருடத்துக்கு விலக்கு வாங்கினார்கள். ஒவ்வொரு வருடமும் விலக்கு வருமா வராதா என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை காத்திருப்பது கொடுமை. என் கருத்தைக் கேட்டால், தமிழ்நாட்டில் வாழப் போகிற பிள்ளை தமிழ் படிப்பது அவனுக்கு நல்லது. ஆனால் நான்காம் வகுப்பு வரை தமிழ் ஆசிரியரையே போடாமல் விட்டுவிட்டு, பத்தாம் வகுப்பில் மட்டும் தமிழ்த் தாளை நீட்டுவது நியாயமாகாது.

மும்மொழி வேண்டும் என்கிற வேட்பாளரிடம், "எங்கள் பள்ளியில் மூன்றாவது மொழி எது? அதற்கு ஆசிரியர் எப்போது வருவார்?" என்று கேளுங்கள். கொள்கைப் புத்தகத்தில் எந்த மொழியும் திணிக்கப்படாது என்று இருக்கிறது. மலையாளத்துக்கு ஆசிரியர் கிடைக்காமல் வேறொரு மொழிக்கு மட்டும் ஆசிரியர் கிடைத்தால் அந்த வாக்கியத்தால் என்ன பயன்? இருமொழி போதும் என்கிற வேட்பாளரிடம், "ஓய்வு பெறுகிற மலையாள ஆசிரியரின் இடத்தில் மறுபடி மலையாள ஆசிரியரைப் போடுவீர்களா? மலையாள வழிப் புத்தகம் ஜூனில் கைக்கு வருமா?" என்று கேளுங்கள். இந்தி ஒரு வார்த்தைகூட வராமல் பேச வேண்டிய பேச்சு இது.

கேள்வி: வேட்புமனுவில் ஒருவர் முனைவர் பட்டம், இன்னொருவர் பத்தாம் வகுப்பு. கல்விக்கு யார் நல்லவர்? (வாசகர், தோவாளை)

பிரமாணப் பத்திரத்தில் வேட்பாளரின் படிப்பு, சொத்து, வழக்குகள் எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பார்க்கவும் வேண்டும். ஆனால் படிப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன காமராசர்தான் முதல்வராக இருந்து பள்ளிகளில் மதிய உணவு கொடுத்தார். அந்த மனிதரை 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதிதான் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.  வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நம் மாவட்டம் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம். இங்கே போய் கல்வியை ஒரு தேர்தல் பிரச்சினையாக்க வேண்டுமா? (ஓய்வு பெற்ற அரசு ஊழியர், நாகர்கோவில்)

ஐயா, அந்தப் பெருமை எனக்கும் உண்டு. 1817-லேயே மக்களின் கல்விச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் ஆணையிட்ட மண் இது. அதற்கும் முன்பே மைலாடியில் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி பள்ளி தொடங்கிவிட்டார். 2011 கணக்கெடுப்பில் நம் எழுத்தறிவு 91.75 சதவீதம்.

ஆனால் கணக்கெடுப்பில் எழுத்தறிவு என்பது, ஏழு வயது நிரம்பியவருக்கு ஏதாவது ஒரு மொழியில் எழுதப் படிக்கத் தெரியும் என்பதுதான். அதிலும் அது 2011-ன் கணக்கு. அன்று பிறந்த குழந்தை இன்று மேல்நிலைப் பள்ளி வயதில் இருக்கிறது. நான் ஓய்வு பெறும்போது பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்துப் பதினொரு பிள்ளைகள்தான் இருந்தார்கள். பள்ளி நூறு வருடம் கண்டது. ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, அழகாகத்தான் இருந்தது. காலை எட்டரைக்கு அதே ரோட்டில் நான்கு மஞ்சள் வேன்கள் போகும். எல்லாமே ஆங்கில வழி. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் குறைவார், ஒரு டீச்சர் இரண்டு மூன்று வகுப்பைப் பார்ப்பார், அதைப் பார்த்து மீதிப் பிள்ளைகளையும் டி.சி. வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருநாள் பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கிறோம் என்று தாள் வரும். வேட்பாளரிடம் அவர் கொள்கை இதில் என்ன என்று கேட்காமல் வேறு எங்கே கேட்பது? மூடுவதா, சேர்ப்பதா, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கொடுத்துப் பிள்ளைகளைத் திரும்ப வரவழைப்பதா? சேர்ப்பது என்றால் ஆறு வயதுப் பிள்ளை அந்தப் பள்ளிக்கு எதில் போகும்? மேலே மலையில் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளில் இது பஸ் கேள்வியும் இல்லை, யானை நடக்கிற பாதையின் கேள்வி.

கேள்வி: உதவி பெறும் பள்ளியில் பதினேழு வருடமாக ஆசிரியை. தகுதித் தேர்வு எழுத வேண்டும் என்று தீர்ப்பு வந்ததிலிருந்து தூக்கம் இல்லை. எல்லா வேட்பாளரும் "பாதுகாப்போம்" என்கிறார்கள். (வாசகி, மார்த்தாண்டம்)

2025 செப்டம்பர் 1-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்கிறீர்கள். ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் என்கிற அந்தத் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது அது. சிறுபான்மைப் பள்ளிகளின் விஷயத்தைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. உங்கள் பள்ளி சிறுபான்மைப் பள்ளியா என்பதை முதலில் நிர்வாகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த விதியின் வேர் மத்தியக் கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. மாநிலம் தேர்வைக் கூடுதல் முறை நடத்தலாம், பயிற்சி தரலாம். "பாதுகாப்போம்" என்பவரிடம் இதில் எதை என்று கேளுங்கள். நடுவில் நீங்கள் படிக்கத் தொடங்கிவிடுங்கள் தங்கச்சி. பதினேழு வருடம் பாடம் நடத்தியவருக்கு அந்தத் தாள் பயப்படும்படி இருக்காது.

கேள்வி: நாங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். எல்லா வேட்பாளரையும் ஒரே மேடையில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்க ஆசை. முடியுமா டீச்சர்? (வாசகி, அருமனை)

முடியும் மக்களே, செய்யுங்கள். பொதுக் கூட்டம் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கோயில், சர்ச், பள்ளிவாசல் இடங்களைப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒலிபெருக்கி இரவு 10 மணியோடு நிறுத்த வேண்டும். எல்லாரையும் ஒரே நாளில் வரவழைப்பது சிரமமாக இருந்தால் மேடையை விட்டுவிடுங்கள். ஒரு தாளில் கேள்விகளை எழுதி, ஊருக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அதே தாளைக் கொடுங்கள். ஒருவரிடம் மெதுவாகவும் இன்னொருவரிடம் கோபமாகவும் கேட்காதீர்கள்.

கேள்விகளை எழுதுவதற்கு முன் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற அம்மாமார்களைக் கூப்பிடுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எந்த வகுப்புக்கு ஆசிரியர் இல்லை, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது அவர்களுக்குத் தேதியோடு தெரியும். அரசுப் பள்ளியின் பேர், வகுப்பு, குறை மூன்றையும் எழுதுங்கள். எதிரில் பதிலுக்கு இடம் விடுங்கள். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், ஓகி புயல் அடித்த 2017 நவம்பர் 30-க்குப் பிறகு நான் கடற்கரையில் வேலை பார்த்தேன். அப்பா கடலிலிருந்து திரும்பி வராத பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து வந்த தேர்தலில் வந்தவர்கள் எல்லாரும் கண்கலங்கி, "இந்தப் பிள்ளைகளின் படிப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். அவர்கள் கண்ணீர் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர்கூட ஒரு பிள்ளையின் பேரைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. நாங்களும் எழுதிக் கொடுக்கவில்லை. பிறகு எந்தப் பிள்ளைக்காக யாரிடம் போய் நிற்பது என்று அம்மாமார்களுக்குத் தெரியவில்லை.

அதனால் தாளை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அவர் கையில், கையெழுத்துப் போட்டது உங்கள் குழு நோட்டில். கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அதையும் தேதி போட்டு அதே நோட்டில் எழுதி வையுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஜெயித்தவர் அலுவலகத்துக்குப் போகும்போது எனக்கு ஒரு போன் செய்யுங்கள், நானும் வருகிறேன்.